தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து

ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சலோடு எனக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. அதற்குள் தமிழ் வாசிக்கவும் எழுதவும் படித்திருந்தேன், அதுவும் போகவில்லை. அம்மா, அண்ணா, அண்ணி மூவருடைய வாயும் எனக்குப் பழக்கம். முகத்தைப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னால் உதட்டிலிருந்தே பிடித்துவிடுவேன். இதை இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காது கேட்காதென்றால் புத்தியும் கொஞ்சம் மட்டு என்றுதான் சனம் நினைக்கிறது. என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், நான் அளவு நாடாவோடு முன்னால் நிற்க, கை நீளம் எவ்வளவு வேண்டுமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் வீடு, திருநாளுக்குப் பேர்போன தேவாலயமுள்ள தலவிலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் கரையில். அண்ணா கடற்றொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் போகமாட்டார். பூசை முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்தால் படம். சந்தியில் இருந்த சீடிக் கடையில் அண்ணா இறுவட்டு எடுத்து வருவார். எல்லாம் கள்ளப் பிரதி. தியேட்டரில் எழும்பிப் போகிறவனின் தலையும் சேர்ந்து தெரியும். அம்மாவுக்குக் கதிரை, எங்களுக்குப் பாய்.

நடிக்கிறவர்களின் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். முடியாது. கதாநாயகிகளில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ ஒரு பாஷையில் வாயசைக்கிறார்கள், பிறகு வேறு யாரோ குரல் கொடுக்கிறார்கள். காது கேட்கிறவர்களுக்கு அது பொருட்டில்லை. எனக்கு இருப்பது அந்த வாய் மட்டும்தான். அவள் அழுதுகொண்டு அவனிடம் சொல்கிற முக்கியமான இடத்தில், அவளுடைய உதடு தமிழே பேசாது. ஆண்களோ மீசைக்குள் பேசுவார்கள், இல்லாவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள்.

ஆகவே பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கேட்க வேண்டும்.

"என்ன சொன்னவன்?"

"பொறு, பிறகு சொல்றன்" என்பார் அண்ணா, கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல்.

படம் முடிந்ததும் கேட்டால், "ரெண்டு பேரும் சேர்ந்திட்டாங்கள்" என்பார். சேர்ந்ததை நானும்தான் பார்த்தேன். கண் இருக்கிறது. இரண்டரை மணித்தியாலம் அத்தனை பேர் வாய் ஓயாமல் கதைத்திருக்கிறார்கள், எனக்குக் கிடைப்பது ஒரு வசனம். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து வருடக் கணக்காகச் சிரித்தேன்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் எனக்கு இன்டர்நெட் உள்ள போன் கிடைத்தது. அதில்தான் அந்தக் கடையைக் கண்டேன். இந்தியாவில் இருந்து அசல் இறுவட்டுகளைத் தபாலில் அனுப்பும் கடை. ஒவ்வொரு படத்தின் கீழும் விவரம் போட்டிருந்தது: எத்தனை நிமிடம், என்ன ஒலி, 'சப்டைட்டில்: உண்டு'.

உண்டு. அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தமிழ்ப் படம், கீழே எழுத்து. யாரையும் தட்டிக் கேட்க வேண்டியதில்லை.

தைத்துச் சேர்த்த காசு வங்கியில் இருந்தது, கார்ட்டும் இருந்தது. மூன்று படங்களுக்கு ஓடர் கொடுத்தேன். புதுப் படங்கள் அல்ல. எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு நோகச் சிரித்துப் பார்த்த மூன்று படங்கள். அப்படி என்னதான் சிரித்தார்கள் என்று எனக்கு அறிய வேண்டும்.

பார்சல் வரத் தாமதமாகியது. தபால்காரர் எங்கள் ஒழுங்கையால் போகும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஒருநாள் கொண்டுவந்தார். எங்கேயோ பிரித்துப் பார்த்துவிட்டு மண்ணிறப் பேப்பரை மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே மூன்று பெட்டிகளும் கீறல் இல்லாமல் இருந்தன.

ஞாயிறு வரும்வரை பொறுத்திருந்தேன். அன்று இறுவட்டை நானே போட்டேன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் அண்ணி.

உண்மைதான், படம் அவ்வளவு தெளிவு. முதல் ஆள் வாயைத் திறந்தான். கீழே வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது.

ஆங்கிலம்.

நிறுத்தி, மெனுவுக்குப் போய்ப் பார்த்தேன். சப்டைட்டில் என்று ஆங்கிலம் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு பெட்டிகளையும் திருப்பிப் பார்த்தேன். அவற்றிலும் அதுவே.

"எழுத்து வருதுதானே, வாசிக்கலாமே" என்றார் அண்ணா.

வாசிக்கலாம். பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில் இருந்து, கரும்பலகையைப் பார்த்துப் படித்த ஆங்கிலம் என்னுடையது. ஒரு வரியின் முதற்சொல்லைப் பிடிக்கும்போது மூன்றாவது வரி ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டைப் பாயில் எறிந்துவிட்டுக் குசினிக்குப் போய் அடுப்பருகே இருந்தேன். அவர்கள் பின்னால் தொடர்ந்து பார்த்தார்கள். தெளிவான படம், ஏன் வீணாக்க வேண்டும்!

அன்று பின்னேரமே கடைக்குத் தமிழில் எழுதினேன். தமிழ் எழுத்து உள்ள இறுவட்டு எது, மாற்றித் தருவீர்களா என்று. மறுநாள் பதில் வந்தது.

"வணக்கம் மேடம். தமிழ்ப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் கிடையாது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படாது. பிரித்த டிஸ்க்கைத் திரும்பப் பெறுவதில்லை."

நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: "எனக்குத் தமிழ் தெரியும், காது கேட்காது."

அதற்கும் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். "மிகவும் வருந்துகிறோம் மேடம். சண்டைப் படங்களில் வசனம் குறைவாக இருக்கும். உங்களுக்காகச் சில படங்களைச் சிபாரிசு செய்யட்டுமா?"

போனை உடைத்திருப்பேன், அது என் காசில் வாங்கியது. தமிழ் தெரியாதவர்கள் தமிழ்ப் படம் பார்ப்பதற்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக எழுதியிருக்கிறார். தமிழ் மட்டுமே தெரிந்த, காது கேட்காத ஒருத்தி உலகத்தில் இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அடிதடி போதுமாம்! அம்மாவிடம் காட்டினேன்.

"கோவப்படாத பிள்ள. தலவில திருநாளைக்கு இந்த முறையும் உனக்காக நேர்த்தி வெச்சிருக்கிறன்."

"எனக்குக் காது வேணாம் அம்மா. எழுத்துத்தான் வேணும்."

அவருக்கு அது விளங்கவில்லை.

வாங்கியது வாங்கியாகிவிட்டது. வீட்டில் ஆள் இல்லாத காலைகளில் மெஷினை மூடிவிட்டு, முதலாவது இறுவட்டைப் போட்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, போனில் அகராதியைத் திறந்து வைத்து வாசித்தேன். ஒரு காலையில் இரண்டு காட்சி போகும். தலையிடி வரும். ஆனாலும் விடவில்லை. கோபத்தில் செய்கிற வேலையில் எனக்குக் களைப்பு வருவதில்லை. கதாநாயகனுக்கு ஒரு தங்கை இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அவளை நான் அதுவரை அவனுடைய பழைய காதலி என்று நினைத்திருந்தேன்.

படத்தின் நடுவில் அந்தப் பகிடிக் காட்சி வந்தது. எங்கள் வீட்டில் அம்மா கண்ணீர் துடைத்துத் துடைத்துச் சிரித்த இடம். ஒரு வயதான பணக்காரரின் வீட்டுக்கு வேலை கேட்டு ஒருவன் வருகிறான். அவன் ஏதோ கேட்கிறான், அவர் தலையாட்டிக்கொண்டு வேறொன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். கள்ளப் பிரதியில் பார்த்த அன்று நானும் சிரித்தேன், அவர் கொண்டுவந்து கொடுத்தது விளக்குமாறு என்பதால்.

நிறுத்தி வாசித்தேன். 'டெஃப்' என்ற சொல் இருந்தது. அதற்கு எனக்கு அகராதி தேவையில்லை, சிலாபம் ஆஸ்பத்திரி கிளினிக் அட்டையில் என் பெயருக்குக் கீழே அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அடுத்த வரியிலும் இருந்தது. அதற்கடுத்த வரியிலும். பணக்காரர் செவிடர். அதுதான் பகிடி. வேலைக்கு வந்தவன் அவருடைய முகத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே அவரையும் அவருடைய தாயையும் ஏசுகிறான். அவர் ஒன்றும் விளங்காமல் அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்.

சேர்ந்து சிரிக்கிறார்.

என் வீட்டு மனிதர்கள் அதைப் பார்த்துச் சிரித்தபோது, அவர்களுக்கு நடுவில் பாயில் இருந்துகொண்டு நானும் சிரித்திருக்கிறேன். அன்று நான் அண்ணாவைத் தட்டி, "என்ன சொன்னவன்?" என்று கேட்டதும், அவர் "சும்மா பகிடி" என்றதும் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அண்ணா கரையிலிருந்து வந்தபோது காட்சியை நிறுத்தியே வைத்திருந்தேன். அம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார், அவரையும் கூப்பிட்டேன்.

"இது என்ன பகிடி?"

அண்ணா திரையைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். தாடை அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்ட முகத்தப் பார்த்துக் கதை!" அண்ணாவை நான் 'நீ' என்று பேசியது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ தெரியாது, அண்ணி குசினியிலிருந்து ஓடிவந்தார்.

அண்ணா திரும்பினார். "உனக்குத் தெரியாம இருக்கட்டும் எண்டுதான் சொல்லயில்ல. சொன்னா மனசு நோகும்தானே."

"அப்ப ஏன் சிரிச்ச?"

"சிரிப்பு வந்திச்சு, சிரிச்சன். உன்னை நினைச்சா சிரிச்சன்? அது படம்."

"நானும் சிரிச்சன். அதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்த?"

அம்மா இறால் கையோடு நின்றபடி சொன்னார்: "நீ சிரிக்கிறதப் பார்த்து நான் உனக்கு எல்லாம் விளங்குது எண்டல்லோ நினைச்சன்."

அம்மா பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு இன்னும் எரிந்தது.

"இனி இந்த வீட்டில படம் எண்டால் ரிமோட் என்ட கையில" என்றேன். "நான் நிப்பாட்டுற இடத்தில ஒராள் என்னைப் பார்த்துச் சொல்லவேணும். முழுக்கச் சொல்லவேணும்."

அடுத்த ஞாயிறு அப்படித்தான் பார்த்தோம். பத்து வசனத்துக்கு ஒரு தடவை நிறுத்தினேன். அண்ணா சொன்னார், அவர் களைக்க அண்ணி சொன்னார், பிறகு அம்மா சொன்னார். அம்மா நடித்தே காட்டினார். படம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. எல்லோருக்கும் சலிப்பு. இருக்கட்டும்.

சில கிழமைகளின் பின் அண்ணாவோடு தொழில் செய்கிறவர்கள் இருவர் மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு மட்டும் விடு. ஆக்கள் வந்திருக்கினம்."

"மாட்டன்."

படம் தொடங்கியது, நிறுத்தினேன். அண்ணி சொன்னார். மறுபடி ஓடியது, மறுபடி நிறுத்தினேன். வந்தவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அம்மாவிடம் ஏதோ சொன்னாள். வாயை மறைக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் இன்னும் அடிக்கடி நிறுத்தினேன். இடைவேளைக்கு முன்பே அவர்களுக்கு வீட்டில் வேலை வந்துவிட்டது. எழும்பிப் போனார்கள். அண்ணாவும் அவர்களோடு போனார், போகும்போது கதவை அடித்துச் சாத்தினார் என்பது சுவரில் மாதா படம் ஆடியதில் தெரிந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

அன்று அண்ணி தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக் குசினியில் வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் போடு. முடிவு எனக்கும் தெரியாது."

போட்டேன். ஒரு பெண்ணும் அவளுடைய மாமியாரும் நின்று கதைக்கிற காட்சி. நிறுத்தினேன்.

அண்ணி கையை விரித்தார். "பெரிசா ஒண்டுமில்ல. சும்மா வீட்டுக் கதை."

"அதை நான் முடிவு செய்றன். நீங்க சொல்லுங்க."

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, மாமியார் உப்பு கூடிவிட்டது என்று சொன்னதிலிருந்து தொடங்கினார்.