முதல் எடை இருந்த போல்டர்

லாரி எடைமேடையில் ஏறும்போது அந்தச் சின்ன அறையின் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். வேபிரிட்ஜ் அக்கா தலையைத் திருப்பாமலே மைக்கில் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் முன்ன வா நைனா, பின்னாடி சக்கரம் வெளிய கீது." கண்ணாடி நடுங்குகிற விதத்தை வைத்தே வண்டி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் தொழிற்சாலை அது. ஸ்கிராப் ஏற்றி வரும் லாரியை உள்ளே வரும்போது ஒருமுறை, இறக்கிவிட்டுப் போகும்போது ஒருமுறை நிறுப்பார்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அந்த இரண்டு எண்களுக்கும் பொறுப்பு அக்கா.

நான் சிஸ்டம் பிரிவில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. பக்கத்திலிருக்கும் ஆரணியிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில்கூட கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்ற மாட்டேன். அக்கா ஒன்பதாவதோடு நின்றவர், கான்டிராக்டில் இருந்தவர். ஆட்கள் இருந்தால் என்னை "மேடம்" என்பார், தனியாக இருந்தால் "பாப்பா" என்பார். எனக்கு மேடம்தான் பிடித்திருந்தது. அதை இன்று எழுதவே கூசுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலம். ஸ்டாக் பார்க்கும் புது சாஃப்ட்வேரை நாற்பதுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துவதற்குப் பதிலாக நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சர்வரிலிருந்து ஓடவிட்டால் அது தானாகவே போய் எல்லா மெஷினிலும் நிறுவிவிடும். யாரையும் எதுவும் கேட்காது. திரையில் ஒரு சின்னப் பெட்டிகூடத் தோன்றாது. நிறுவுவதற்கு முன் தேவையான துணை சாஃப்ட்வேர் இருக்கிறதா, டிஸ்கில் இடம் போதுமா என்று பார்க்கும். இல்லையென்றால் அந்த மெஷினை விட்டுவிட்டு, பெயரை மட்டும் குறித்துக்கொள்ளும். "விட்டுப்போன மெஷினையெல்லாம் நேர்ல போய்ப் பாத்துடும்மா" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஒத்திகையில் விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்: வேபிரிட்ஜ் மெஷின். இடம் போதவில்லை. அங்கே போக வேண்டுமானால் ஸ்கிராப் யார்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதைவிட, என் ரிப்போர்ட்டில் ஒரு மெஷின்கூட விட்டுப்போகக் கூடாது என்கிற ஆசை. இடம் போதாவிட்டால் 'டெம்ப்' என்ற போல்டரைக் காலி செய்துவிட்டு மேலே போ என்று ஒரு வரி சேர்த்தேன். டெம்ப் என்றால் குப்பை என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

எடை சாஃப்ட்வேர் எழுதிய ஆளுக்கு டெம்ப் குப்பை அல்ல. இரண்டாவது எடை வரும்வரை முதல் எடை தற்காலிகம்தானே என்று அதை அங்கேதான் வைத்திருந்தான். சீட்டும் இரண்டாவது எடைக்குப் பிறகுதான் அச்சாகும். எந்த போல்டர் என்று தெரியாவிட்டாலும், வண்டிகள் உள்ளே இருக்கும்போது அந்த மெஷினில் எதையும் அழிக்கக் கூடாது என்று அக்காவுக்குத் தெரியும். நான் போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிட்டேன். அப்போது அக்கா மெஷினுக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். திரையில் எதுவும் மாறவில்லை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய முதல் லாரிக்கு முதல் எடையே இல்லை. அடுத்த லாரிக்கும் இல்லை. யார்டில் ஒன்பது வண்டிகள். இறக்கிய ஸ்கிராப் பழைய குவியலோடு கலந்துவிட்டது, திரும்ப நிறுக்க வழியில்லை.

லாரிக்காரர்களோடு சேர்ந்து எடையை மாற்றுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அதனால் எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் போனது. "இன்னா யக்கா, எவ்ளோ டப்பு குடுத்தாங்க? எங்களுக்கும் சொன்னா நாங்களும் தருவோம்ல" என்று ஒரு டிரைவர் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "நான் எதையுமே தொடல சார்" என்று மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தொடவில்லைதான். அதை நிரூபிக்கத்தான் அவரிடம் எதுவும் இல்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நம்ம சைடு ஏதாவது இருக்கா?" அதற்குள், ஸ்கிரிப்ட் தான் செய்ததையெல்லாம் குறித்துவைத்த லாகை நான் பார்த்திருந்தேன். 'இடம் போதவில்லை. டெம்ப் காலி செய்யப்பட்டது. நிறுவல் வெற்றி.' எல்லாம் நானே வைத்த சொற்கள்.

"இல்ல சார். எல்லாம் சக்சஸ்னுதான் வந்திருக்கு."

மறுநாள் காலை அக்கா என் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா நம்புவாங்க. அந்த மெஷின ஒரு தபா நல்லாப் பாரேன். எங்க வூட்டுக்காரரே என்னத் திருடின்னு சொல்லிக்கினு கீறாரு."

அவரோடு நடந்தேன், அதே யார்டைச் சுற்றிக்கொண்டு. அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போல்டராகத் திறந்தேன், மூடினேன். டெம்ப்பை மட்டும் திறக்கவில்லை. எதுவும் இல்லை என்று தெரிந்தே அரை மணி நேரம் தேடுவதுபோல் தேடினேன். "ஒண்ணும் தெரியலக்கா" என்றேன். "பரவால்ல பாப்பா. நீயாவது வந்து பாத்தியே" என்றார். அந்த வாரமே கான்டிராக்டர் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் ஸ்கிரிப்ட்டில் அந்த வரியை நீக்கினேன். லாகையும் அழித்தேன். ஆண்டு இறுதியில் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

வாய் திறந்திருந்தால் என் வேலை போயிருக்குமா? தெரியவில்லை. திட்டியிருப்பார்கள். ஆனால் 'படித்த பொண்ணு' என்ற பெயர் போயிருக்கும் என்று பயந்தேன். ஒரு பெண்ணின் மானத்தைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது திருவள்ளூரில் வேலை. போன மாதம் ஊருக்குப் போகக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். நல்ல கூட்டம். "பாப்பா" என்று ஒரு குரல். தலை பாதி நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. மீஞ்சூரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாராம். பக்கத்தில் கல்லூரிப் பையோடு மகள்.

"ஏய், நான் சொல்லிக்கினே இருப்பேன்ல, அந்தக் கம்ப்யூட்டர் மேடம் இவுங்கதான்" என்றார் மகளிடம். "அன்னிக்கு அத்தினி பேரும் என்னத் திருடின்னாங்க. இவுங்க ஒருத்தங்கதான் வெயில்ல நடந்து வந்து எனக்காகத் தேடிப் பாத்தாங்க."

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அவள் எழுந்து, "உக்காருங்க மேடம்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.