மலேரியா என்று நினைத்த குளிர்

தொட்டியருகே இருந்தவர்கள்: பாஸ்டரான என் கணவர். ஞானஸ்நானம் எடுக்க வந்த செல்வி. தென்காசிப் பெண், ஒரகடம் கம்பெனியில் லைன் வேலை. அவளோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தோழி. துண்டோடு நான். நான்கு பேர்.

மலாவி நாட்டில் பதினான்கு வருஷம் ஊழியம் செய்தோம். அங்கே ஞானஸ்நானம் ஏரியில்தான். கரை நிறைய ஜனம் பாடும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்த் திரும்பினோம். மண்ணூரில் வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களைத் தெரியாது.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் (எந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது). அதற்காகக் கழுத்தில் கதீட்டர் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகும் குழாய்). குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர் பாட்டிலில் கோடு போட்டு வைத்தேன்.

டாக்டர் முதல் நாளே சொன்னார்: "குழாய்ல தண்ணி படவே கூடாதும்மா. குளிருதுன்னா உடனே வந்துடுங்க. எந்நேரமானாலும்."

எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்குத் தலையில் தண்ணீர் தெளிப்பது கிடையாது. ஆளை முழுக்க முக்கி எடுக்க வேண்டும். முக்குகிறவரும் தண்ணீரில் நிற்க வேண்டும்.

"ஏங்க, வேற பாஸ்டரைக் கூப்டலாமே."

"ஏரில முதலை கெடந்துச்சு. அப்பவே எறங்குனேன். இந்தத் தொட்டில இன்னா கீது, தவளையா?"

செல்வி சிரித்தாள். ஊர் திரும்பியதிலிருந்து அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. நான் தடுக்கவில்லை. குழாய் மேல் பிளாஸ்டிக் சுற்றிவிட்டேன்.

செல்வியைத் தூக்கும்போது தண்ணீர் அவர் காது வரை அடித்தது. பிளாஸ்டிக்குக்கு உள்ளே குழாயைச் சுற்றியிருந்த பஞ்சு நனைந்திருந்தது. வீட்டில் நானே மாற்றினேன். மலாவியில் எத்தனையோ புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை. அன்று வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம்.

சனி மதியம் அவருக்கு உதறல். இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. அங்கே இருவருக்கும் மாறி மாறி மலேரியா வரும். இதே உதறல்தான்.

"பழைய மலேரியா திரும்பிக்கிச்சு," என்றேன்.

"நீ சொன்னா சரி. நீதானே என் டாக்டரு."

அங்கிருந்து கொண்டுவந்த மாத்திரை பெட்டியில் இருந்தது. கொடுத்தேன். ஜெபித்தோம். ஞாயிறும் போனது.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டார்: "எப்ப குளிர் வந்துச்சு?"

"முந்தாநேத்து."

அவர் பேனாவை மூடி வைத்தார். செப்சிஸ் என்றார் (கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதையும் கெடுப்பது).

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் என் கணவர் போய்விட்டார்.

ஷிப்டு முடிந்து செல்வி வந்தாள். "என்னாலதான பாஸ்டரம்மா?"

"நீ இன்னா பண்ணே? மலேரியான்னு சொன்னது நானு."

கதீட்டர் வைத்தவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குளிர் வந்தால் நீங்களே பேர் வைக்காதீர்கள். வண்டி பிடியுங்கள்.

எனக்கு வியாதி இல்லை. ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி விடிந்தால் கால் தானாகப் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறது. மற்ற நாள் என்ன கிழமை என்றே தெரிவதில்லை. காலையில் அவர் பாட்டிலைக் கோடு வரை நிரப்புகிறேன். அதற்கு மேல் என் தொண்டை கேட்பதில்லை.

எழுநூறு மில்லி.