இடப்பக்கச் சக்கரங்கள்

எங்கள் சிறிய காருக்கு நான்கு ரயர்களையும் ஒரே நாளில் மாற்றுவதென்று அப்பா முடிவெடுத்தபோது எனக்குப் பத்து வயது. இறக்குமதி சுருங்கி, புதிய ரயரைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த காலம். தேய்ந்த ரயரின்மேல் மறுபடி ரப்பர் ஒட்டி, வேகவைத்து விற்பார்கள். றீபில்ட் என்று பெயர். திருகோணமலைப் பட்டினத்தில் அதற்குக் கிண்ணியாக்காரர் ஒருவருடைய கடைதான் பேர்போனது.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர்; ஊர்வாயில் கிளாக்கர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கு அவர் ஒப்பமிட்டால் இன்னொருவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே நிதானத்தோடுதான் ரயர்களையும் தேர்ந்தார். ஒவ்வொன்றையும் பலாப்பழம்போல் தட்டிக் காதுகொடுத்தார். உள்வளைவில் உள்ளங்கையை ஓட்டினார். புது ரப்பர் பழையதோடு சேருமிடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"கிளாக்கர், பொம்புளை பாக்கப் போனாலும் இவ்வளவு நேரம் செல்லாது" என்றார் கடை முதலாளி.

தேர்ந்த நான்கின் பக்கவாட்டிலும் முதலாளி சிவப்பு வர்ணத்தால் ஒரு வட்டமிட்டு, உள்ளே ஓர் எண்ணை எழுதினார். ஆறு மாதத்துக்குள் வீங்கினாலோ வெடித்தாலோ, அந்த அடையாளத்தோடு கொண்டுவந்தால் மாற்றித் தருவார். அடையாளம் இல்லாவிட்டால் அது அவர் கடை ரயரே அல்ல.

அப்பா நம்பிக்கையாய்க் கண்ட அந்த வட்டம், எனக்கு எங்கள் இல்லாமையை ஊருக்குச் சொல்லும் முத்திரையாய்த் தெரிந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, சீனன்குடாவிலிருந்து வெள்ளைப் பட்டை ரயர் பூட்டிய காரில் வந்திறங்குவாள். பாடசாலை வாசலில் எங்கள் கார் நின்றதும் அவள் குனிந்து பார்த்தாள். "உங்கட காருக்குக் காலிலயோ பொட்டு வைக்கிறது?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அப்பா கண்ணயர்ந்திருந்தபோது, மண்ணெண்ணெயும் தேங்காய்த் தும்புமாகப் போய் வட்டங்களைத் தேய்த்தழித்தேன். இரண்டை மட்டும். வாசலில் நிற்பவர்களுக்குத் தெரிவது இடப்பக்கம்தானே. வலப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? என் நீலச் சட்டையின் ஓரத்தில் சிவப்புக் கறை பட்டுவிட்டது. பின்னேரம் அம்மா கேட்டபோது, செவ்வரத்தம்பூச் சாறு என்றேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா கறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் இடப்பக்கப் பின் ரயர் தவளைக் கழுத்துப்போல் வீங்கியது. அப்பா கலங்கவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு, காரை நடைவேகத்தில் உருட்டியபடி கடைக்குப் போனார். அடையாளம் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. அது அழிந்திருக்கும் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

முதலாளி காரைச் சுற்றி வந்தார். வலப்பக்கம் இரண்டிலும் வட்டம் இருந்தது. இடப்பக்கம் வெறுமையாயிருந்தது.

"என்ன கிளாக்கர், ரெண்டு ரயர் மட்டும் கடல்ல குளிச்சிட்டு வந்ததோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா நல்லதை விற்றுவிட்டு, எங்கோ வாங்கிய பழுதை முதலாளி தலையில் கட்டப் பார்க்கிறார் என்பதே அதன் பொருள். அப்பாவின் காதுமடல்கள் சிவந்தன.

"நானா, நாலும் உங்களிட்டத்தான் எடுத்தனான். நான் பொய் சொல்லுற ஆளோ?"

முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்த அந்தக் குரல், நான் அதுவரை கேட்டிராதபடி கெஞ்சியது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். நான் கடைப் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா குந்தியிருந்து ரயரைத் தடவினார். அதில் பொறித்திருந்த எழுத்துகளின் இடுக்கில் துளி சிவப்பு எஞ்சியிருந்தது. அதைக் காட்டியிருந்தாலே வழக்குத் தீர்ந்திருக்கும். அவர் நிமிர்ந்தபோது, பார்வை என் சட்டை ஓரத்தில் ஒரு கணம் தங்கியது. அன்றும் நான் கறை போகாத அந்த நீலச் சட்டையைத்தான் உடுத்தியிருந்தேன். பிறகு கட்டைவிரலால் அந்தத் துளியை மறைத்துக்கொண்டார்.

"விடுங்க நானா. பிழை என்ர பக்கம்" என்றார்.

வேறோர் இடத்தில் எங்கள் சக்கரத்துக்கு அளவான பழைய ரயர் ஒன்றுதான் அகப்பட்டது. அதில் வெள்ளைப் பட்டை இருந்தது. நான் ஆசைப்பட்ட அலங்காரம், நான்கில் ஒன்றுக்கு மட்டும், சரியாக வாசல் பக்கத்தில். துறைமுக வாயிலில் வெகுநாள், "ரயர் குளிச்சு முடிஞ்சுதோ, கிளாக்கர்?" என்று கேட்டார்களாம். அவர் ஒப்பமிட்ட மூட்டைகளை மேலாளர் முதன்முறையாக ஆள்விட்டு எண்ணுவித்தார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் ஆறுதல் கொண்டேன்.

அடுத்த கிழமை அந்த நீலச் சட்டையை அலுமாரியில் காணவில்லை. காரின் பின்பெட்டியில், கண்ணாடி துடைக்கும் துணியாகக் கிழிபட்டுக் கிடந்தது. கறைபட்ட ஓரம் மட்டும் அதில் இல்லை. இனி அம்மா கேட்கமாட்டாள், சான்று தொலைந்தது என்று உள்ளூர மகிழ்ந்தேன். அதைக் கிழித்தது யார் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.