துடக்குக்குள் கேட்ட கையெழுத்து

ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் பகுதியில் என்னோடு ஒரு மொரீசியஸ் தமிழர் வேலை செய்தார். இருவருக்கும் வீடும் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே கட்டடம்தான். வந்த புதிதில் அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுவார். பொருள் என்னவென்று என்னிடம் கேட்பார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கும் பாதிக்கு மேல் தெரியாது. சில வருடம் எங்களோடு பழகியதில் யாழ்ப்பாணத்துப் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. என்னை அண்ணை என்பார், என் மனைவியை அக்கா என்பார்.

மொரீசியஸில் அவருடைய தகப்பனுக்குச் சின்னதாய் ஒரு கரும்புக் காணி. தமையன்தான் பார்த்துவந்தார். எப்படியும் திரும்பிப்போய்த் தமையனோடு அந்தக் காணியில் நிற்கவேண்டும் என்பதுதான் இவருக்கு இருந்த ஒரே ஆசை. இங்கே சோபா வாங்குவதென்றாலும் "போகேக்கை இதை என்ன செய்யிறது?" என்று யோசிப்பார்.

அந்த நேரத்தில்தான் ஐரோப்பாக்காரர் சீனிக்கு நல்ல விலை கொடுப்பதை நிறுத்தினார்கள். இனிச் சீனியை மட்டும் நம்பியிருக்க முடியாது, கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்போம், எண்ணெய்க் கப்பலை எதிர்பார்க்கத் தேவையில்லை என்று அங்கே பேச்சு வந்தது. சின்ன ஆலைகளை மூடிப் பெரிய ஆலைகளில் எல்லாவற்றையும் செய்வார்கள். துண்டு துண்டான காணிக்காரர் ஒரு குழுவாகச் சேர்ந்தால் கல்லை அகற்றி, வரம்பை உடைத்து, இயந்திரத்தால் வெட்டித் தருவார்கள். ஆலை லொறியும் வயலுக்கே வரும்.

"அண்ணை, எங்கட கரும்பிலை ஊருக்கே லைட் எரியப்போகுது" என்றார் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில்.

"அப்ப உங்கட ஊர் வெளிச்சத்துக்கு எறும்பு மொய்க்கும்" என்றேன்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. இனி இடுப்பு முறிய வெட்டத் தேவையில்லை. நானும் மனுசியும் போயிடுவம்."

அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்குப் பிறகு காணவில்லை.

பனிக்காலத்தில் தகப்பன் காலமானார். அங்கே வெயில், அடுத்த நாளே எடுத்துவிட்டார்கள். இங்கிருந்து போய்ச் சேர வழியில்லை. சவரம் செய்யாத முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள்.

"அக்கா, உங்கட ஆக்களுக்குத் துடக்கு எத்தினை நாள்?"

"முப்பத்தொண்டு. அண்டைக்கு அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் கோயிலுக்குப் போகமாட்டம். நல்ல காரியம் ஒண்டும் தொடங்கமாட்டம்."

"எங்களுக்குப் பதினாறு."

"பேந்தென்ன, பதினாறையே பாருமன். எங்கட கணக்கு உமக்கென்னத்துக்கு? தாடியோட போனா சூப்பர்வைசர் வேறை கத்துவான்."

"கொள்ளி வைக்க நிக்கேல்லை அக்கா. துடக்கையாவது முப்பத்தொரு நாளும் காக்கிறன்."

அவள் வெறுங் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவருடைய ஊர்க் கணக்குக்குத் துடக்குக் கழிந்த பிறகு தமையன் போன் எடுத்தார். குழு சேர்க்கிறார்கள். காணி தகப்பன் பேரில் இருப்பதால் இரண்டு பிள்ளைகளும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், உடனே அனுப்பு என்றார். இவர் அந்தியேட்டி முடியட்டும் என்றார்.

"நீ மொன்றியலுக்குப் போய்ச் சாமியாராயிட்டியோ எண்டு ஏசுறான் அண்ணை" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தகப்பனுடைய காணியில் புதிதாக ஒன்று தொடங்குவது நல்ல காரியம்தானே, அதைத் துடக்கோடு தொடங்குவார்களா? இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

அந்தியேட்டி முடித்து, முழுகி, சாமி கும்பிட்டு, அன்றைக்கே கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டார். அது போய்ச் சேர முன்பே எல்லை பிடித்துக் கல்லுக் கிளறத் தொடங்கிவிட்டார்கள். இவர்களுடைய துண்டு வெளியே நின்றுவிட்டது. அடுத்த குழுவில் பார்ப்போம் என்றார்களாம். அடுத்த குழு வரவேயில்லை. பக்கத்திலிருந்த சின்ன ஆலையையும் மூடினார்கள். ஒரு துண்டுக் கரும்புக்காகப் பெரிய ஆலையின் லொறி வராது. தமையன் ஒரு வெட்டுக்கு வாகனம் பிடித்து ஏற்றிப் பார்த்தார். கரும்பு விற்றது வாகனக் கூலிக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு வெட்டவில்லை.

பிள்ளையார் கதை, கந்தசஷ்டி, செவ்வாய் வெள்ளி என்று இரண்டு வீட்டாரும் விரதம் பிடித்தோம். ஒரு வழியும் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள், ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் நிறுத்தினார்.

"குழுவிலை சேந்த பக்கத்துக் காணிக்காரரும் விட்டிட்டினமாம் அண்ணை. உரம் விலை, மெஷின் கூலி, எல்லாம் போக மிஞ்சிறது ஒண்டுமில்லையாம். சக்கைக்கு வாறதும் கிள்ளித் தெளிச்ச மாதிரித்தானாம். பாதிப் பேர் காணியைக் குடுத்திட்டினம்."

"அப்ப நீர் நேரத்துக்குக் கையெழுத்து வைச்சிருந்தாலும்…"

"ஓம். அதுதான். பிந்தினதாலை போச்சுதெண்டு என்னை நானே ஏசிக்கொண்டு திரிஞ்சன். இப்ப அப்பிடி ஏசவும் ஏலாது."

தீவில் சக்கை மின்சாரத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்லதுதான், எண்ணெய்க் கப்பல் குறையும், பிள்ளைகளுக்கு நல்லது. அதில் இவருடைய கரும்பு இல்லை, அவ்வளவுதான்.

தமையன் ஹோட்டல் ஒன்றுக்குக் காவலாளியாகப் போய்விட்டாராம். போகுமுன் போனில் கேட்டிருக்கிறார், வாறியோ இல்லையோ, ஒரு சொல்லுச் சொல்லு, வராட்டில் காணியை வித்துப்போட்டுப் போறன் என்று.

"என்ன சொன்னனீர்?"

"வித்துப்போடு எண்டன்."

முருகன் ஏதாவது வழி காட்டுவான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனை தரம் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போய், படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே போடத் தொடங்கினார்.