மதினியை விட்டுவிட்டு ஓடிய இரவு

என் அண்ணன் மனைவிக்குச் சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். துணைக்கு என்னை அழைத்தார் மதினி. வில்லாபுரத்தில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெருவில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்தும் எனக்கு விடியற்காலையில் எழுவதே தண்டனை. மதினி விடமாட்டார். ஒரு நாள் நாய் துரத்தியதில் ஓடத் தொடங்கியவர், நாய் நின்ற பிறகும் நிற்கவில்லை. தெருமுனையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான்த்தா இருக்கு” என்று சிரித்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் அவரிடம் நான் பார்த்ததில்லை.

இரவு ஓட்டம் ஒன்று நடக்கப்போகிறது என்று போனில் காட்டியதும் அவர்தான். பரவைக்கு மேற்கே கண்மாய்க்கரை, கரட்டுமேடு, ஓடை என்று போகும் மண்பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

“பகல்ல ஓடுறது பத்தாதா? ராத்திரில காட்டுக்குள்ள எதுக்கு?”

“நான் கூட இருக்கேன்ல அண்ணே. மதினிய விட்டுட்டா போயிருவேன்?” என்றேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். எல்லார் நெற்றியிலும் விளக்கு. மதினி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தார். முதல் இரண்டு கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓடினோம். மண்ணில் ஓடுவது தார்ச்சாலையில் ஓடுவதுபோல் இல்லை. பாதம் எங்கே விழுகிறதோ அதைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. இருபக்கமும் சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரை ஏறும் இடத்தில் என் விளக்கு மங்கத் தொடங்கியது. முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருந்தேன்.

மதினி நின்றார். தன் விளக்கைக் கழற்றி என் நெற்றியில் மாட்டிவிட்டார். மங்கிய விளக்கைத் தான் வாங்கிக்கொண்டார்.

“முன்னால போறவளுக்குத்தான் வெளிச்சம் வேணும். ஒம் பின்னாடியே நான் வாரேன்.”

கரையில் ஓடும்போது எனக்கு ஏதோ நடந்தது. மூச்சு சீரானது. கால் கனமே இல்லை. முன்னால் போன இரண்டு ஆண்களைக் கடந்தேன். பள்ளியில், வீட்டில், கல்யாணத்தில், எங்கேயும் நான் யாரையும் முந்தியதில்லை. திரும்பிப் பார்த்தேன். மதினி நன்றாகப் பின்தங்கியிருந்தார். நின்றேன். அவர் வந்து சேர்ந்தபோது அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. என் கால் நிற்கப் பிடிக்காமல் துடித்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

“நீ போத்தா. நான் மெதுவா வாரேன்.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, “நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா சாப்பிடுறேன்” என்று சொல்லும் குரல். அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே, “சரி மதினி, பாத்து வாங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவரிடம் போன் இருக்கிறது, அதில் வெளிச்சம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கைத் திருப்பிக் கொடுக்க நினைக்கவே இல்லை.

பெண்களில் ஐந்தாவதாக முடித்தேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். யாரிடமோ போனைக் கொடுத்துப் படம் எடுத்து, குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். உடனே அண்ணனிடமிருந்து பதில் வந்தது.

“அவ எங்க?”

அப்போதுதான் நேரத்தைப் பார்த்தேன். நான் வந்து சேர்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பாதைப் பக்கம் போய் நின்றேன். ஒவ்வொரு வெளிச்சமாக வந்தது. அவர் வரவில்லை. கடைசியில், பின்தங்கியவர்களைக் கூட்டிவரும் ஆள் ஒருவரின் பைக்கில், இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தார். ஓடையில் இறங்கும்போது வெளிச்சம் பத்தாமல் கல்லில் கால் வைத்திருக்கிறார். மணிக்கட்டு உடைந்திருந்தது. விழுந்ததில் போன் எங்கோ தெறித்துவிட்டது. இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும், “மெடல் குடுத்துட்டாகளா?” என்றுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணன் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு மதினியிடம் சத்தம் போட்டார். “ஒனக்கு ஏலலைன்னா பேசாம வீட்ல இருக்க வேண்டியதுதானே? அவ சின்னவ, ஓடுவா. இனிமே ஓட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

மதினி தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘அவங்க லைட்டு எங்கிட்ட இருந்துச்சுண்ணே’ என்ற ஒரு வரி போதும். வாய் வரவில்லை. மதினியும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒருமுறை கூப்பிட்டேன். “இனி என்னத்துக்குத்தா” என்றார். இரண்டாம் முறை கூப்பிட எனக்கு முகமில்லை.

இரண்டு வருஷம் கழித்து, போன தீபாவளிக்கு மறுநாள், அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

“இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? அவளால முடியலைன்னுல்ல நெனச்சேன். தெரிஞ்சிருந்தா அவளத் தடுத்திருக்க மாட்டேனே.”

உள்ளேயிருந்து மதினி வந்தார். காதில் விழுந்திருக்கும். “பழசக் கிண்டி என்ன ஆகப்போகுது? காப்பி ஆறுது, குடிங்க” என்றார். இப்போது அவருக்கு முழங்காலில் தேய்மானம். அண்ணனே வற்புறுத்தினாலும் ஓட முடியாது.

நான் இன்னும் ஓடுகிறேன். விட்டுவிட முயன்று பார்த்தேன், முடியவில்லை. காலையில் அவர்கள் தெரு வழியாகப் போனால் மெயின் ரோடு கிட்டத்தில்தான். நான் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போகிறேன். அந்த நேரத்தில் அவர் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்.