காற்று மிஷினுக்குப் பூசை

தோழியின் அம்மா சாமை நிறைந்த முறத்தை உயர்த்திப் பிடித்தபடி களத்தில் காற்றுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பதர் பறக்கக் காற்று வேண்டும். அன்றைக்கு மலையில் ஓர் இலைகூட ஆடவில்லை. சைக்கிள் சக்கரத்தில் தகரத் தகடுகளைப் பொருத்தி மிதித்தால் காற்று வந்துவிடாதா?

அது இரண்டாயிரமாவது வருஷம். நாங்கள் இருவரும் பத்தாம் வகுப்பு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஓர் அண்ணன் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் எங்களுக்கு வெல்டிங்கும் தகர வேலையும் பழக்குவார். தகடு வெட்டுவதில் தோழியை மிஞ்ச ஆளில்லை. நான் யோசனை சொல்வதில் கெட்டிக்காரி. அதாவது, மிஷினை முழுக்கச் செய்தது அவள்தான்.

அவள் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பெண்பிள்ளைக்குச் சுத்தியல் எதற்கு, சனிக்கிழமை காட்டு வேலைக்கு வரட்டும் என்றார். கெஞ்சிக் கூத்தாடியதில், மிஷினை வந்து பார்க்க மட்டும் ஒத்துக்கொண்டார். உருப்படியாக இருந்தால் அவள் சனிக்கிழமை வகுப்புக்குப் போகலாம். இல்லாவிட்டால் அதோடு சரி.

நல்ல நாளாக இருக்கட்டும் என்று ஆயுத பூசையன்று கொட்டகைக்கு வரச் சொன்னேன். அவர் தேவனூர்ப் பக்கமிருந்து நடந்தே வந்து சேர்ந்தபோது, பட்டறை அண்ணன் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடமும் காட்டி முடித்திருந்தார். தோழி பெடலில் கால் வைக்கப் போனாள்.

“தொடாத,” என்றன இரண்டு குரல்கள். ஒன்று அண்ணனுடையது, மற்றது அவள் அப்பாவுடையது. அந்த இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

“பூசை போட்ட சாமான நாளைக்குத்தாங்க எடுக்கோணும்,” என்றார் அண்ணன்.

“அது எனக்குத் தெரியாதுங்களா? அப்பறம் என்னத்தப் பாக்க வரச் சொன்னீங்க?”

தோழி என்னைக் கைகாட்டினாள். “நல்ல நாள் பாத்துக் குடுத்த மகராசி இவதாம்ப்பா.”

அண்ணன் அவசரமாகப் பொரி கொடுத்தார். அதை மென்றுகொண்டே அவள் அப்பா மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“சரி, எப்பிடித்தான் சுத்தும், சொல்லு கண்ணு.”

அவள் மிஷினைத் தொடாமலே சொன்னாள். பெடல் சுற்றுவதை வெறும் காற்றில் கையால் சுற்றிக் காட்டினாள். தகடு ஏன் சாய்வாக இருக்கிறது என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள்.

“கையிலயே இத்தன நல்லாச் சுத்துதே, மிஷின் எதுக்கு சாமி?” என்றார் அவர். பிறகு, “நாளைக்கு நம்ம களத்துக்குக் கொண்டாங்க. தூத்தாத சாமை ஒரு மூட்ட கெடக்குது. அது சுத்தமாயிட்டா நான் குறுக்க நிக்கல,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

களத்துக்கு ஒற்றையடிப் பாதைதான். மிஷினைப் பிரித்துத்தான் தூக்கிப் போகவேண்டும். சக்கரம் அவள் தலையில், சட்டத்தை நானும் அண்ணனும் என்று பங்கு பிரித்தோம். அப்போது அண்ணன் மெல்லக் கேட்டார்: “ஏங்கண்ணு, இதுல சாமைய ஒருக்காவாச்சும் தூத்திப் பாத்தீங்களா?”

இல்லை. அதுவரை காகிதத் துண்டுகளைத்தான் பறக்கவிட்டிருந்தோம். சாமையோ கடுகளவுதான், வேகமாக மிதித்தால் பதரோடு அதுவும் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். ஆகவே நாளைக்கு அவள் மெதுவாக மிதிக்கத் தொடங்குவாள், நான் முறத்தைத் தாழப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவேன், பதர் மட்டும் பறக்கிற வேகம் பிடிபடும்வரை அவள் அப்பாவை அண்ணன் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைப்பார் என்று முடிவு செய்தோம்.