ஐயாயிரம் வெள்ளி காண்ட்ராக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊர் பெம்பானில் நடந்தது இது. என் மகளுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் படியை மிதிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் தொழில் புல் வெட்டுவது. நியாலாஸ் பக்கம் எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பிறகு ஒரு பழைய வேனும் இரண்டு மெஷினும் வாங்கி, பள்ளிக்கூடம், கடைவரிசை, பெரிய வீடுகள் என்று காண்ட்ராக்ட் எடுத்து வெட்டுகிறேன். அதனால் ஊரில் எனக்குப் பெயரே காண்ட்ராக்டர்தான். அந்தப் பெயருக்கு ஏற்றபடி வாயும் நீண்டுவிட்டது. வருமானம் எப்படி என்று யாராவது கேட்டால், "ஐயாயிரத்துக்குக் கொறையாது லா" என்பேன். உண்மையில் இரண்டாயிரம் வெள்ளி வந்தால் அது நல்ல மாதம். விடாமல் மழை பெய்தால் அதுவும் இல்லை.

மகள் படிப்பு உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க இருந்தாள். என்னிடம் சம்பளச் சீட்டு கிடையாது. என் மாதிரி ஆட்கள் வருமானத்தை விண்ணப்பப் பாரத்தில் எழுதி, வட்டாரச் சமூகத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மற்றதையெல்லாம் அவளே நிரப்பிவிட்டு, வருமானத்தை மட்டும் எனக்காக விட்டிருந்தாள்.

தலைவர் என்னைவிட வயதில் இளையவர். அவர் வீட்டுக்குப் போனால், கோயில் கமிட்டி ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் என் பெருமையைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். அவர்கள் கண் முன்னால் உள்ளதை எழுதக் கை வரவில்லை. ஐயாயிரம் என்று எழுதி நீட்டினேன்.

"இத வச்சி உதவி கெடைக்கிறது கஷ்டம்ண்ணே," என்றார் தலைவர்.

"கெடைக்கலன்னா நானே கட்டிட்டுப் போறேன்," என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மகள் பாரத்தைப் பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "நீங்க கட்டுவீங்கன்னா சொல்லுங்கப்பா, இப்பவே இத அனுப்பிடுறேன். முடியாதுன்னா நான் போகல. இங்கயே ஃபேக்டரில வேல தேடிக்கிறேன்," என்றாள். விண்ணப்பம் அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள்.

வேனை எடுத்துக்கொண்டு திரும்பவும் தலைவர் வீட்டுக்கே போனேன். கமிட்டி ஆட்கள் இன்னும் கலையவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நின்றபடியே, "வேற பாரம் குடு தம்பி. நான் எழுதினது பொய். மழை மாசத்தையும் சேத்துப் பாத்தா ஆயிரத்து எண்ணூறுதான் வருது," என்றேன்.

தலைவர் புதுப் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "கொறச்சு எழுதிட்டு வந்து கையெழுத்துக் கேட்டவங்க எத்தனையோ பேரு. கூட்டி எழுதின மொத ஆளு நீங்கதாண்ணே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்களில் ஒருவர், "அதான் வந்துட்டீங்களே, ஆயிரம்னு போடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு பொய்ய மாத்த வந்தவன் இன்னொரு பொய்ய எழுதவா?" என்று கேட்டுவிட்டேன். வார இறுதியில் என் மனைவி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக் கொண்டுவரும் முந்நூறு வெள்ளியையும் சேர்த்தே எழுதினேன். அதை அதுவரை நான் வெளியில் சொன்னதே இல்லை.

உதவி கிடைத்தது. மகள் இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். வருமானம் எவ்வளவு என்று இன்று யார் கேட்டாலும் தயங்காமல் உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் பெரிய மனிதனாக நிற்க ஆசைப்பட்டு என் பிள்ளையை ஃபேக்டரி வாசலில் நிறுத்தப் பார்த்தேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.